பங்க்கில் நிற்கும் தம்பி ‘அணைங்க’ என்று சொல்ல முடியுமா?

இரவு எட்டரை மணி. கூட்டம் ஒன்றை முடித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், நான்குவழிச் சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கார். ஓட்டி வந்தவர் என்ஜினை அணைக்கவில்லை. சன்னலுக்கு வெளியே தொங்கிய கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அவர் தலைக்கு மேலேயே ‘புகை பிடிக்காதீர்’ என்ற பலகை. பம்ப் அருகே நின்ற தம்பிக்கு இருபது வயது இருக்கும். சிகரெட்டைப் பார்த்தான். பிறகு நாசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “எவ்வளவுக்குண்ணா?” என்று மட்டும் கேட்டான்.

கார் போன பிறகு அவனிடம் பேசினோம். “ஏன் தம்பி, அணைக்கச் சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம்ணா. போன மாசம் ஒருத்தர்கிட்ட சொன்னேன். ‘நீ எந்த ஊரு, எந்தத் தெரு’ன்னு கேட்டாரு. சொன்னதும் அடிக்க வந்துட்டாரு. மேனேஜர் வந்து என்னைத்தான் மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல.”

‘எந்தத் தெரு’ என்ற கேள்வியின் பொருள் இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பி நம் காலனிப் பையன். அந்த பங்க்கில் வேலை செய்யும் ஆறு பேரில் நான்கு பேர் நம் தெருக்களில் இருந்து வருபவர்கள். பத்தாயிரக்கணக்கான லிட்டர் எரிபொருள் பூமிக்கடியில் கிடக்கும் ஓர் இடத்தின் பாதுகாப்பு, கடைசியில் அந்தத் தம்பியின் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து சாதி பறித்துவிட்டது. பெட்ரோல் பங்க் பாதுகாப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏன் எழுதுகிறோம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எரிவது எண்ணெய் அல்ல, ஆவி

மாணவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குவோம். பெட்ரோல் என்ற திரவம் நேரடியாகத் தீப்பிடிப்பதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் தீப்பிடிக்கிறது. ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிறதோ, அதை அதன் தீப்பற்று நிலை என்கிறோம். பெட்ரோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மார்கழிக் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது என்று பொருள். டீசல் அப்படியல்ல. நம் நாட்டில் விற்கும் டீசலின் தீப்பற்று நிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது என்பதற்காக அசட்டையாகவும் இருக்க முடியாது. சித்திரை வெயிலில் நம் தார்ச்சாலை அந்த அளவைத் தாண்டிவிடும்.

இரண்டாவது செய்தி: பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து பள்ளம், சாக்கடை, கால்வாய் என்று தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தங்கும். கண்ணுக்குத் தெரியாது. நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். எண்ணெய் சிந்திய இடம் ஒன்றாகவும் தீப்பிடிக்கும் இடம் வேறொன்றாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. ஆபத்து வேறு, இடர் வேறு. தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் ஆபத்து. அது எப்போதும் அங்கே இருக்கும். அந்த ஆபத்து ஒரு மனிதரைத் தொடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, தொட்டால் எவ்வளவு சேதம் என்று கணக்கிட்டால் கிடைப்பது இடர். இடர் மதிப்பீடு என்று பெரிய நிறுவனங்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். எங்கே கெடும், எப்போது கெடும், யாருக்கு அடிபடும், எவ்வளவு அடிபடும், தடுக்க என்ன இருக்கிறது என்ற ஐந்து கேள்விகளில் அது அடங்கிவிடும். இதில் ‘யாருக்கு’ என்ற மூன்றாவது கேள்விக்குத்தான் நம் ஊர்களில் யாரும் முழுப் பதில் எழுதுவதில்லை.

லோடு இறங்கும் நேரம்

ஒரு பங்க்கில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம் டேங்கர் லாரி வந்து லோடு இறக்கும் நேரம். பன்னிரண்டாயிரம், இருபதாயிரம் லிட்டர் எரிபொருள் குழாய் வழியே நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும்போது, தொட்டிக்குள் இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். அதை உயரத்தில் கொண்டுபோய் விடத்தான் வென்ட் குழாய்கள் நிற்கின்றன. அவை தரையிலிருந்து குறைந்தது நான்கு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். வாயில் கம்பி வலை இருக்க வேண்டும்.

எண்ணெய் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் உண்டாகும். உலர்ந்த தலையில் சீப்பால் வாரினால் காகிதத் துண்டு ஒட்டுகிறதே, அதே மின்சாரம்தான். அது சேர்ந்து பொறியாகத் தெறிக்காமல் இருக்க, லாரியை எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். லாரி வந்ததும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, எர்த் கிளிப்பை மாட்டி, சிறிது நேரம் அசையாமல் நிற்கவிட்டு, தீயணைப்பானையும் மணல் வாளியையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் குழாயை இணைக்க வேண்டும். முடியும்வரை ஓட்டுநரும் பங்க் ஆளும் அங்கேயே நிற்க வேண்டும். அருகே வண்டிகளை விடக் கூடாது.

நாங்கள் பேசிய தொழிலாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். எல்லாம் அவர்களுக்குத் தெரியும். “கூட்டம் இருக்கிற நேரத்துல வியாபாரத்தை நிறுத்துன்னு நாங்க சொல்ல முடியுமா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. தெரியாததால் நடக்கும் தவறு ஒரு வகை. தெரிந்தும் சொல்ல முடியாததால் நடக்கும் தவறு வேறு வகை. முதலாவதைப் பயிற்சி சரிசெய்யும். இரண்டாவதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

வாடிக்கையாளர்களான நம் பங்கும் உண்டு. கைபேசியால் பங்க் வெடிக்கும் என்று பலர் நம்புகிறோம். அமெரிக்காவில் பங்க் கருவிகள் செய்யும் தொழில்துறையினரின் அமைப்பு ஒன்று, எரிபொருள் நிரப்பும்போது நடந்த தீவிபத்துகளைத் திரட்டிப் பார்த்தது. கைபேசிதான் காரணம் என்று உறுதியான நிகழ்வு ஒன்றும் கிடைக்கவில்லை. நிலைமின்சாரத்தால் நடந்தவை ஏராளமாகக் கிடைத்தன. அதற்காகப் பம்ப் அருகே பேசிக்கொண்டே நிற்கலாம் என்று பொருளல்ல. பேசுகிறவரின் கவனம் சிதறும், தடை விதியும் நடப்பில் இருக்கிறது. ஆனால் கைபேசிக்கு மட்டும் பயந்துவிட்டு, ஓடும் என்ஜினையும், எரியும் சிகரெட்டையும், பைக்கில் உட்கார்ந்தபடியே நிரப்புவதையும் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் உண்மையான இடர். பேசாதே என்று பலகை வைத்துவிட்டு, பணம் செலுத்தும் கியூஆர் அட்டையைப் பம்பிலேயே ஒட்டி வைக்கும் முதலாளிகளும் இதை யோசிக்க வேண்டும்.

தொட்டிக்குள் இறங்குவது யார்?

நிலத்தடித் தொட்டியில் காலப்போக்கில் அடியில் சகதியும் தண்ணீரும் சேரும். சுத்தம் செய்ய வேண்டிய நாள் வரும். அன்றைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

காலித் தொட்டி என்பது நிறைந்த தொட்டியைவிட மோசமானது. நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடம் குறைவு. காலித் தொட்டி முழுக்க ஆவி. உள்ளே இறங்குபவருக்கு மூச்சுவிடப் போதிய காற்று இருக்காது. ஓரிரு நிமிடங்களில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். மலக்குழியில் நாம் திரும்பத் திரும்பப் பார்த்த அதே சாவுதான் இது. வேறுபாடு ஒன்று, இங்கே ஒரு பொறி விழுந்தால் வெடிக்கவும் செய்யும்.

தகுதியுள்ள நபர் கருவியால் சோதித்து, உள்ளே எரியும் ஆவி இல்லை, மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று எழுத்தில் சான்று தராமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவருக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் சுவாசக் கருவியும் வேண்டும். மேலே இருவர் காவல் நிற்க வேண்டும். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களும் இயந்திரங்களும் இருக்கின்றன. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக ‘இறங்கிப் பாருப்பா’ என்று சொல்வது கொலைக்குச் சமம்.

பங்க்கில் இன்னொரு தொட்டியும் உண்டு. பொதுமக்களுக்குக் கழிப்பறை வசதி தர வேண்டியது பங்க்கின் கடமை. அந்தக் கழிப்பறைக்கு மலக்குழி இருக்கும். அதற்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சாக்கடை, மலக்குழிச் சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் அந்தச் சட்டம் சாக்கடையையும் மலக்குழியையும் பற்றித்தான் பேசுகிறது. எண்ணெய்த் தொட்டிக்குள் செத்தவரின் குடும்பம் வேலை விபத்து இழப்பீட்டு வழியில்தான் போக வேண்டியிருக்கிறது. வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற உரிமை 1923 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அதைக் கேட்க, அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத தம்பிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சேரியும் பைபாஸும்

நம் சேரிகள் ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவை. பைபாஸ் சாலையும் ஊருக்கு வெளியேதான் வருகிறது. அதனால் சாலை வரும்போது அது நம் வீட்டு வாசலை ஒட்டி வருகிறது. சாலையோடு பங்க்கும் வருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை. பழைய ஒதுக்கலே புதிய இடரை நம் பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, புதிய பங்க்குகள் பள்ளி, பத்துப் படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இந்தத் தொலைவைக் குறைக்கலாம். அப்போதும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. புதிய பங்க்குக்குத் தடையில்லாச் சான்று தருவது மாவட்ட நிர்வாகம். பெட்ரோலிய விதிகள் 2002இல் 144ஆவது விதி இதைச் சொல்கிறது. உரிமம் வழங்குவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதன் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. சென்னையிலும் சிவகாசியிலும் அலுவலகங்கள் உண்டு.

பிரச்சினை வரைபடத்தில் இருக்கிறது. பட்டா இல்லாத குடிசைகள் வரைபடத்தில் வருவதில்லை. புறம்போக்கில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் இருபது வீடுகள், காகிதத்தில் காலி நிலம். அந்த வீடுகளிலிருந்து தொலைவை யாரும் அளப்பதில்லை. வீடே இல்லை என்று எழுதிவிட்டால் இடரும் இல்லை என்றாகிவிடுகிறது.

மழை நாட்களில் இது இன்னும் கூர்மையாகிறது. 2015 ஜூன் 3 அன்று கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கனமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தது. மழைக்கு ஒதுங்க இடமில்லாதவர்கள் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினார்கள். கசிந்த எரிபொருள் வெள்ளத்தின் மேல் பரவியிருந்தது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும், தண்ணீர் போகும் இடமெல்லாம் தானும் போகும். தீப்பிடித்து வெடித்ததில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வந்தால் பங்க்கில் ஒதுங்காதீர்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கினால், மணம் வந்தால், விளக்கோ தீக்குச்சியோ ஏற்றாமல் விலகிவிடுங்கள்.

பாகிஸ்தானில் பகாவல்பூர் அருகே 2017 ஜூன் 25 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் குடமும் பக்கெட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, சிந்திய பெட்ரோலை அள்ளினார்கள். தீப்பிடித்தது. 200க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசியவர்கள் உண்டு. ஒரு குடம் பெட்ரோலின் விலை ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் பார்த்தால் அப்படிப் பேச வராது. நம் சாலைகளிலும் லாரி கவிழும். அன்றைக்கு நம் பிள்ளைகள் குடத்தோடு ஓடாமல் இருக்க வேண்டும் என்றால், இந்தக் கதையை இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள்.

பாட்டிலில் பெட்ரோல்

பிளாஸ்டிக் பாட்டிலிலும் குடத்திலும் பெட்ரோல் தரக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட கலனில்தான் தர வேண்டும் என்பது விதி. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேரும், மூடி கசியும், வெயிலில் ஆவி அழுத்தம் கூடும் என்பவை பாதுகாப்புக் காரணங்கள். நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டதாக அன்றைய செய்திகள் பதிவுசெய்தன. பெட்ரோல் குண்டு செய்ய வேண்டியது ஒரு பாட்டில், ஒரு துணி. அந்த பாட்டில் எங்கேயோ நிரப்பப்படுகிறது. ‘பாட்டிலில் தர மாட்டோம்’ என்ற விதியைப் பதற்றம் நிலவும் நாட்களில் உறுதியாகக் கடைப்பிடிப்பது தீயணைப்பு நடவடிக்கை மட்டுமல்ல, உயிர் காக்கும் நடவடிக்கை. ஆனால் இரவு பத்து மணிக்கு நான்கு பேர் பாட்டிலோடு வந்து நின்றால், தனியாக நிற்கும் நம் தம்பி என்ன சொல்ல முடியும்? மீண்டும் அதே இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

விவசாய வேலைக்கு எண்ணெய் வாங்கும் நம் மக்களுக்கும் ஒரு சொல். மருந்தடிக்கும் எந்திரத்துக்குப் பெட்ரோல் வேண்டுமானால் அதற்கான கலனோடு போங்கள். நிரப்பும்போது கலனைத் தரையில் வையுங்கள். பைக்கின் மேலோ வேனின் உள்ளேயோ வைத்து நிரப்பாதீர்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வீட்டுக்குள் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் எடுக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நுரையீரலுக்குள் சிறிதளவு போனாலே உயிருக்கு ஆபத்து. யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில்தான் அது நுரையீரலுக்குள் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தினமும் மெல்லப் பிடிக்கும் தீ

தீவிபத்து என்றைக்கோ நடப்பது. அன்றாடம் நடக்கும் விபத்து ஒன்று உண்டு, அது செய்தியாவதில்லை. பெட்ரோலில் பென்சீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நம் நாட்டில் அது ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் அதை இரண்டு நிமிடம் சுவாசிக்கிறார். தம்பி பன்னிரண்டு மணிநேரம் சுவாசிக்கிறான். பெட்ரோல் நனைந்த சட்டையோடே சாப்பிடுகிறான், கிரீஸ் போக்கக் கையைப் பெட்ரோலிலேயே கழுவுகிறான். டேங்க்குக்கு மேல் முகத்தைக் குனிந்து பார்த்து நிரப்பாமல் இருப்பது, காற்று வரும் பக்கம் நிற்பது, சாப்பிடும் முன் சோப்பால் கழுவுவது, நனைந்த உடையை உடனே மாற்றுவது ஆகியவை அவன் செய்யக் கூடியவை. ஆவியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் கருவி, மாற்று உடை, ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனை ஆகியவை முதலாளியும் எண்ணெய் நிறுவனமும் செய்ய வேண்டியவை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் போதிப்பது, பழியையும் தொழிலாளி தலையில் கட்டுவது ஆகும்.

விடுமுறையில் பங்க் வேலைக்குப் போகும் மாணவர்களே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, எளிதில் தீப்பற்றும் பொருட்களோடு தொடர்புள்ள வேலையில் 18 வயது நிறையாதவர்களை அமர்த்தக் கூடாது. உங்களுக்குப் பதினாறு வயது என்றால் அந்த வேலை உங்களுக்குரியது அல்ல. வீட்டு நிலைமை தெரிந்துதான் இதைச் சொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

பங்க் தொழிலாளர்களுக்கு முதலில். நியமனக் கடிதமோ அடையாள அட்டையோ எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சம்பளம் வந்த வங்கிப் பதிவு, சீருடையோடு எடுத்த படம், வருகைப் பதிவின் படம் என்று ஏதாவது ஒரு சான்றைச் சேர்த்து வையுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இஎஸ்ஐ உங்கள் உரிமை. நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு, அழுத்தியும் பாருங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ மிதந்து பரவும். உலர்தூள் தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீசுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள், தரையில் படுத்து உருளுங்கள். தீக்காயத்தில் பேனா மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு 108ஐ அழையுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101.

உங்கள் தெருவைக் கேட்டுச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுபவர்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன்படி குற்றம். பங்க் பொது இடம், அங்கே கேமராவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்கும் முன் பாதுகாத்துத் தரும்படி உடனே எழுத்தில் கேளுங்கள்.

ஊர் மக்களுக்கு. உங்கள் குடியிருப்புப் பக்கம் பங்க் வருகிறது என்று தெரிந்தால், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீடுகளையும் எண்ணி, பம்பிலிருந்தும் வென்ட் குழாயிலிருந்தும் தொலைவை நீங்களே அளந்து, மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். தடையில்லாச் சான்றின் நகலையும் வரைபடத்தையும் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கல்லூரி மாணவர்கள் அளவு நாடாவோடு இதில் இறங்கினால், அதுதான் உண்மையான இடர் மதிப்பீடு.

பங்க் முதலாளிகளுக்கு. எண்ணெய் நிறுவனங்களின் முகவர் ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 22.5 சதவீதம் உண்டு. அந்த வழியில் நம்மவர்களும் பங்க் நடத்துகிறார்கள். அது நமக்குப் பெருமை. நம்மவர் பங்க் என்பதற்காக இந்தக் கேள்விகளிலிருந்து விலக்குக் கிடையாது. சொல்லப்போனால், அங்கேதான் இவை முதலில் நடைமுறைக்கு வர வேண்டும்.

எல்லா முதலாளிகளிடமும் நாங்கள் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான், செலவில்லாதது. ‘எரியும் சிகரெட்டோ ஓடும் என்ஜினோ பாட்டிலோ கண்டால் எரிபொருள் தர மறுக்கும் முழு அதிகாரம் எங்கள் ஊழியருக்கு உண்டு. மறுத்ததற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டார்’ என்று எழுதி, முதலாளி கையெழுத்தோடு ஒவ்வொரு பம்பிலும் ஒட்டுங்கள். ‘புகை பிடிக்காதீர்’ பலகை வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசுகிறது. இது தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

இதை எழுதும் முன் அந்த பங்க்குக்கு மீண்டும் போனோம். தம்பி இருந்தான். பலகை யோசனையைச் சொன்னோம். சிரித்தான். “பலகை இருந்தா சொல்லிப் பாப்பேண்ணா. ஆனா அன்னிக்கு நீங்க பின்னாடிதானே நின்னீங்க, நீங்க சொல்லியிருக்கலாமே?”

எங்களிடம் பதில் இல்லை. அன்று எங்கள் கண்ணிலும் அந்தச் சிகரெட் பட்டது. நாங்களும் எங்கள் முறைக்காகக் காத்து நின்றோம். இனிமேல் வரிசையில் நிற்கும் நாம் ஒவ்வொருவரும் அவனுக்கு முன்பாகச் சொல்வோம், “அணைங்க.”